அரை மில்லி மருந்தும் ஆறு வாரக் காவலும்

கடுவன் நாய் ஒன்று வாசலில் படுத்து எழுந்து போகிறது. படுத்திருந்த இடத்தில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம். மறுநாளும் அப்படியே. மற்றபடி நாய்க்கு ஒரு குறையும் இல்லை. சோறு வைத்தால் தின்கிறது, அந்நியர் வந்தால் குரைக்கிறது, தெருவில் வம்புச் சண்டைக்கும் போகிறது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வெயில் சூடு என்பார் ஒருவர். நீர்க்கடுப்பு என்பார் இன்னொருவர். எவனோ கல்லால் எறிந்திருக்கிறான் என்று பாட்டி திட்டுவார். பெட்டை நாயாக இருந்தால் காரணம் தேடவும் மாட்டார்கள், பருவத்துக்கு வந்திருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பருவத்து ரத்தம் இரண்டு மூன்று வாரத்தில் நிற்க வேண்டுமே, இது இரண்டு மாதமாக நிற்கவில்லையே என்று யாருக்காவது உறைக்கும்போது, வாலுக்கடியில் சிவந்த சதை வெளியே தெரிய ஆரம்பித்திருக்கும்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை மாதிரி ஊர்களில் வீட்டு நாய், தெரு நாய் என்ற பிரிவினை பேருக்குத்தான். காலையில் கொல்லையில் பால்சோறு தின்ற நாய் மத்தியானம் வயக்காட்டுப் பக்கம் சுற்றிவிட்டுப் பொழுது சாய்ந்து வீடு திரும்பும். மார்கழி மாதத்தில் இரண்டு மூன்று நாள் காணாமலே போகும். அப்போது ஒட்டியதுதான் பங்குனி, சித்திரையில் ரத்தமாகச் சொட்டுகிறது. அது ஒரு புற்றுநோய். பாலுறுப்பில் வந்து, ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுகிற புற்றுநோய். பரவும் பாலுறுப்புக் கட்டி என்று சொல்லலாம். கால்நடை மருத்துவர்கள் டி.வி.டி. என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு ஆச்சரியங்கள் இருக்கின்றன. புற்றுநோய் தொற்றாது என்று பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம், இது தொற்றுகிறது. புற்றுநோய் என்றால் ஆபரேஷன், கரண்ட் வைப்பது, லட்சக்கணக்கில் செலவு என்று பயப்படுகிறோம். இதற்குப் பெரும்பாலும் வாரம் ஒரு ஊசி, நான்கிலிருந்து ஆறு வாரம், அவ்வளவுதான். ஒழுங்காக ஊசி போட்டால் பத்தில் ஒன்பது நாய்க்குக் குறையாமல் குணமாகிவிடும். இருந்தும் இதே கட்டியோடு அலைகிற நாய்களைப் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் பார்க்கிறோம். வீட்டில் வளர்கிற நாய்களுக்குக்கூட வைத்தியம் பாதியில் நின்றுபோகிறது. என் கணிப்பில் குறை மருந்தில் இல்லை. அந்த ஆறு வாரத்தைக் காவல் காக்க ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அவர் டாக்டர் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நாயின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

அவரிடம் போவதற்கு முன் இந்தக் கட்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காய்ச்சல் தொற்றும்போது ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போவது வைரஸோ பாக்டீரியாவோதான். கருப்பைவாய்ப் புற்றுநோயில்கூடத் தொற்றுவது எச்.பி.வி. என்ற வைரஸ், அது புகுந்து கெடுத்த பிறகு புற்றாக வளர்வது அந்தப் பெண்ணின் சொந்தச் செல்கள். நாயின் கட்டியில் அப்படிக் கிருமி எதுவும் இல்லை. புற்றுச் செல்லே இடம் மாறுகிறது. வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் வாழைக்கு விதை போடுவதில்லை. தாய் மரத்தின் அடியில் முளைத்த கன்றைப் பெயர்த்து இன்னொரு தோட்டத்தில் வைக்கிறோம். மண் வேறு, தோட்டக்காரர் வேறு. ஆனால் அந்தக் கன்று அதே தாய் மரத்தின் உடம்புதான். குத்துக்கல்வலசை நாயிடம் இருக்கிற கட்டி அந்த நாயின் உடம்பிலிருந்து உண்டானதில்லை. வேறொரு நாயிடமிருந்து பெயர்ந்து வந்த கன்று. அந்த நாய்க்கு அதற்கு முந்தைய நாயிடமிருந்து. இப்படியே பின்னோக்கிப் போனால், எங்கோ ஆசியாவில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து செத்த ஒரே ஒரு நாயில் போய் நிற்கும். அந்த நாயின் செல் மட்டும் சாகவில்லை. உலகில் நமக்குத் தெரிந்த புற்றுநோய்களிலேயே ஆக வயதானது இதுதான்.

கன்று பெயர்வது இனச்சேர்க்கையில். நாய்கள் பிணைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரம்கூட அப்படி நிற்கும். அந்த நேரத்தில் உள்சவ்வு சிராய்கிறது, கட்டியிலிருந்து உதிர்கிற செல்கள் சிராய்ப்பில் ஒட்டிக்கொள்கின்றன. (கல்லெறிந்து பிரிக்கப் பார்க்கிற பையன்கள் சிராய்ப்பைக் கூட்டத்தான் செய்கிறார்கள்.) மோந்து பார்ப்பதும் நக்குவதும் நாயின் சுபாவம் என்பதால் மூக்கிலும் வாயிலும்கூட இந்தக் கட்டி வருவதுண்டு. ஒட்டியதிலிருந்து வெளியே தெரிய இரண்டிலிருந்து ஆறு மாதம் பிடிக்கலாம். மனிதருக்கு இது தொற்றாது. பிள்ளைகள் விளையாடுகிற நாயாயிற்றே என்று பதற வேண்டியதில்லை.

செல்தான் தாவுகிறது என்று எப்படித் தெரியும்? ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர் 1876-ல் ஒரு நாயின் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து இன்னொரு நாய்க்கு வைத்தார். அது அங்கே வளர்ந்தது. ஒரு விலங்கின் புற்றை இன்னொரு விலங்கில் வளர்த்துக் காட்டிய முதல் சோதனை என்று அதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் துண்டுக்குள் ஒளிந்திருந்த கிருமி ஏதாவது வேலை செய்திருக்கலாம் அல்லவா? பின்னால் வந்தவர்கள் கட்டியை அரைத்து, செல்கள் அனைத்தையும் வடிகட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய சாற்றை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். கட்டி வரவில்லை. உயிருள்ள செல் போனால்தான் வந்தது. அடுத்து குரோமோசோம்களை எண்ணினார்கள். நாயின் செல்லில் 78 இருக்க வேண்டும். கட்டியின் செல்லிலோ அறுபதைச் சுற்றித்தான் இருந்தன. அதிலும் வெவ்வேறு நாட்டு நாய்களின் கட்டிகளில் ஒரே மாதிரியான குளறுபடி. தனித்தனியாக உண்டான புற்றுகள் இப்படி ஒத்துப்போக வழியில்லை.

சந்தேகத்தைத் தீர்த்தது 2006-ல் வந்த டி.என்.ஏ. ஆய்வு. லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் இந்தியா உட்படப் பல நாடுகளின் நாற்பது நாய்களிடமிருந்து கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதித்தார்கள். கட்டியின் டி.என்.ஏ. அதைச் சுமந்த நாயின் டி.என்.ஏ.வோடு ஒத்துப்போகவில்லை, கண்டம் தாண்டி இருந்த இன்னொரு நாயின் கட்டியோடு ஒத்துப்போனது. கேம்பிரிட்ஜில் எலிசபெத் மர்ச்சிசன் குழு 2014-ல் இதன் வயது சுமார் 11,000 ஆண்டு என்றது. அதே குழுவினர் 2019-ல் 43 நாடுகளின் 546 கட்டிகளை வைத்து மறுகணக்குப் போட்டபோது 4,000-லிருந்து 8,500 ஆண்டு என்று இறங்கியது. டி.என்.ஏ.வில் மாற்றங்கள் எந்த வேகத்தில் சேருகின்றன என்று அனுமானித்துத்தான் வயதைச் சொல்ல முடியும். வேகத்தைத் திருத்தினால் வயதும் மாறும். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைவிட இந்தக் கட்டி மூத்தது.

அந்நியச் செல்லை உடம்பு ஏன் விரட்டவில்லை என்று கேட்கலாம். ஒவ்வொரு செல்லும் தான் யார் என்பதைக் காட்டும் அடையாளப் புரதங்களை மேற்பரப்பில் வைத்திருக்கும். இந்தப் புற்றுச் செல்கள் அவற்றை வெளியே காட்டாமல் மறைத்துக்கொள்கின்றன. சில நாய்களில் பின்னால் அந்த மறைப்பு விலகி, நோய் எதிர்ப்பு அணுக்கள் உள்ளே புகுந்து, கட்டி தானாகச் சுருங்குவதும் உண்டு. இந்தச் செய்தி மருந்துக்கும் முக்கியம், அதற்கு வருகிறேன்.

மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. வாசலில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூக்குமே, சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்கத் தயங்குவார்களே, அந்தச் செடிதான். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். இலையும் வேரும் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன. டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும். ஆகவே இலையை அரைத்து நாய்க்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். செடி முழுவதும் விஷம்; எந்த இலையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். 1952-ல் அங்கிருந்து 25 இலைகள் ஒரு தபால் உறையில் கனடாவுக்கு வந்தன. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகச் செலுத்திய எலிகள் சில நாளில் கிருமித் தொற்றால் செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளையணுக்கள் விழுந்து கிடந்தன. வெள்ளையணுவைக் குறைக்கிற சரக்கு, வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுக்கு உதவுமே என்று அவர் யோசித்தார். சார்ல்ஸ் பீர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் எலை லில்லி கம்பெனியில் பிரிக்கப்பட்டு 1963-ல் சந்தைக்கு வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் குரோமோசோம்களை நகலெடுத்து, இரு பக்கமும் சரிபாதியாக இழுத்துக்கொள்ள வேண்டும். இழுப்பவை மெல்லிய இழைகள். டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து உண்டாகிறவை. நுண்குழல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு கோக்க விடாமல் செய்கிறது. இழை இல்லாமல் நடுவழியில் நின்ற செல் செத்துப்போகிறது. அடிக்கடி பிரிகிற செல்தான் அதிகம் அடிபடும். புற்றுச் செல் அடிக்கடி பிரியும். கூடவே எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுவைப் பெறுகிற செல்லும், குடலின் உள்பூச்சும் அப்படித்தான். கனடா எலிகளைக் கொன்ற அதே சங்கதி நாயையும் கொல்லலாம். மருந்தைக் கண்டுபிடிக்க உதவிய விளைவும், மருந்தில் பயப்பட வேண்டிய விளைவும் ஒன்றே. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் நான் சொன்ன ஆள்.

ஊரில் இவரைக் கம்பவுண்டர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அரசுப் பதிவேட்டில் கால்நடை பராமரிப்பு உதவியாளர் அல்லது கால்நடை ஆய்வாளர். தனியார் கிளினிக்கில் அசிஸ்டென்ட். வெளிநாடுகளில் கால்நடைச் செவிலியர். மாட்டாஸ்பத்திரி என்றே நாம் பழகிவிட்டதால், இவருடைய பயிற்சியும் மாட்டைச் சுற்றியே இருந்து வந்திருக்கிறது: சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம். இன்றைக்கு அதே வாசலில் நாயோடும் பூனையோடும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

நாய் முதல் தடவை வரும்போது இவர் செய்கிற வேலையிலிருந்தே நோய்க்கணிப்பு ஆரம்பமாகிறது. கட்டியைச் சுத்தமான உப்புநீரில் கழுவி, ஒரு கண்ணாடிச் சில்லை அதன்மேல் லேசாக ஒற்றி எடுப்பார். தேய்த்தால் செல் உடையும். அதைக் காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நனைத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் வட்ட வட்டச் செல்கள் தெரியும். அவற்றுக்குள் தெளிந்த சின்னக் குமிழிகள் வரிசையாக இருக்கும். அந்தக் குமிழிகளைப் பார்த்ததும் டாக்டர் தலையை ஆட்டுவார். பெரும்பாலான நாய்களில் இதற்குமேல் பெரிய சோதனை தேவைப்படுவதில்லை. ஒற்றியது சரியில்லை என்றால் கண்ணாடியில் வெறும் ரத்தம்தான் இருக்கும்.

அடுத்தது எடை. நாயைத் தராசில் நிற்க வைப்பது பெரிய கலை என்றாலும், "இருபது கிலோ இருக்கும்" என்ற உத்தேசம் இங்கே செல்லாது. புற்று மருந்தை உடலின் மேற்பரப்பை வைத்து அளக்கிறார்கள். எடை இரு மடங்கானால் மேற்பரப்பு இரு மடங்காகாது; பத்துக் கிலோ நாய்க்குச் சுமார் 0.46 சதுர மீட்டர், இருபது கிலோவுக்குச் சுமார் 0.74. அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் இருபது கிலோ நாய்க்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் மருந்து வரும். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் என்று குப்பியில் வருவதால், ஊசிக்குழலில் அரை மில்லிதான் நிற்கும். ஒரு ஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு. அதில் இரண்டு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் பெரிது.

அந்த அரை மில்லி சிரைக்குள்ளேயே போக வேண்டும். வின்கிரிஸ்டின் ரத்தத்தில் கலந்தால் மருந்து. சிரைக்கு வெளியே தோலுக்கடியில் கசிந்தால் சதையை அழுகவைக்கும் திராவகம். ஆகவே ஊசி போடும் அந்த ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். நாயின் வாய் கட்டப்பட்டிருக்கிறது. அண்ணாச்சி ஒரு கையால் கழுத்தை அணைத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறார். இன்னொரு கையால் முன்னங்காலை முழங்கைக்குப் பின்னாலிருந்து ஏந்தி, கட்டைவிரலைச் சிரைமேல் அழுத்தி மெல்ல வெளிப்பக்கம் திருப்புகிறார். சவரம் செய்த இடத்தில் சிரை புடைத்து எழுகிறது. டாக்டர் கேனுலா என்ற மெல்லிய குழாயை ஏற்றுகிறார், ரத்தம் பின்வாங்கி வருகிறது. "கட்டைவிரலை எடுங்க." இதுதான் முக்கியமான வினாடி. விரலை எடுக்காமல் மருந்தைத் தள்ளினால் அழுத்தம் கூடிச் சிரை கசியும். விரலோடு காலையும் விட்டுவிட்டால் நாய் உதறும். விரல் விலக வேண்டும், பிடி இருக்க வேண்டும். முதலில் உப்புநீர் போகிறது, வீக்கம் இல்லை என்று தெரிந்த பிறகு மருந்து, மறுபடியும் உப்புநீர். கேனுலாவை உருவியதும் அண்ணாச்சியின் கட்டைவிரல் பஞ்சோடு திரும்பி வந்து அழுத்திக்கொள்கிறது. அடுத்த வாரம் அடுத்த கால். எந்த வாரம் எந்தக் கால் என்று சீட்டில் குறித்து வைப்பதும் அவர் பொறுப்பு.

கசிந்துவிட்டால் கேனுலாவை அவசரமாக உருவக் கூடாது. அதன் வழியாகவே முடிந்ததை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம். டாக்ஸோரூபிசின் என்று இன்னொரு புற்று மருந்து, சிவப்பாக இருக்கும்; அது கசிந்தால் ஐஸ் ஒத்தடம். இரண்டையும் மாற்றி வைத்தால் கெடுதல். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தால்தான் அந்தப் பதற்றத்தில் கை சரியாக வேலை செய்யும்.

கை என்றதும் இன்னொன்று. புற்று மருந்து நல்ல செல்லையும் கெடுக்கும் என்றால் அதைக் கையாள்கிறவரின் செல் மட்டும் தப்புமா? ஊசிக்குழலின் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத திவலை பறக்கும். இரட்டைக் கையுறை, முகக்கவசம், காற்றாடியை நிறுத்துவது, ஊசிமுனைக்கு மறுபடி மூடி போடாமல் இருப்பது, கர்ப்பிணிகள் பக்கத்தில் வராமல் இருப்பது, மிச்சத்தை மஞ்சள் பையில் போடுவது — எல்லாம் அதற்காகத்தான். 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். வசதியுள்ள இடங்களில் மருந்து கலப்பதற்கென்றே கண்ணாடி அடைப்புள்ள காற்றுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து மருந்தகங்களில் மேசையும் ஜன்னலும்தான். வெறும் கையோடு மருந்தை உறிஞ்சுகிற உதவியாளர்களைப் பார்க்கும்போது எனக்கு நாயைவிட அவர்கள்மேல்தான் கவலை வருகிறது.

ஊசிக்குப் பிறகு நாய் வீட்டுக்குப் போகிறது; செவிலியர் வேலை அங்கேயும் தொடர்கிறது. மருந்து பெரும்பாலும் மலத்தோடும் ஓரளவு சிறுநீரோடும் வெளியேறும். மூன்று நாளைக்குக் கையுறை போட்டு அள்ள வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. வெள்ளையணு ஆகக் குறைவது ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை. அப்போது நாய் சோர்ந்து படுத்தால், தீனி வேண்டாம் என்றால், காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும். (நாய்க்கு 102 வரை சாதாரணம்.) வீட்டிலிருக்கிற காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, இபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் பூனையைக் கொன்றே விடும். முடி கொட்டிவிடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரிக் குட்டை முடி நாய்களுக்குப் பெரிதாகக் கொட்டாது. பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கிற இனங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம்.

அடுத்த வாரம் ஊசிக்கு முன் ரத்தம் எடுத்து வெள்ளையணு எண்ணப்படும். 4,000-க்குக் கீழே இருந்தால் சில நாள் தள்ளிவைத்து அளவையும் குறைப்பார்கள். கனடாவில் நோபிள் எலி ரத்தத்தில் பார்த்த அதே எண்ணிக்கையை, தென்காசியில் ஒரு உதவியாளர் வாராவாரம் பார்க்கிறார்.

இப்போது அந்த ஆறு வாரத்துக்கு வருவோம். முதல் இரண்டு ஊசியிலேயே ரத்தம் நின்றுவிடும், கட்டி பாதியாகிவிடும். நாயின் சொந்தக்காரருக்கு நிம்மதி. மூன்றாவது வாரம் லோடு ஆட்டோ கிடைக்கவில்லை, நான்காவது வாரம் கல்யாண வீடு. "அதான் நல்லாயிருச்சே" என்று சீட்டு அலமாரிக்குப் போய்விடும். மருத்துவத்தில் இதைவிடப் பொல்லாத வாக்கியம் இல்லை. 2018-ல் லண்டன் ஆய்வாளர்கள் வின்கிரிஸ்டின் போட்ட நாய்களின் கட்டியிலிருந்து அடுத்தடுத்து மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். மருந்து சில செல்களைக் கொன்று அழற்சியைக் கிளப்புகிறது. அதைத் தொடர்ந்து நோய் எதிர்ப்பு அணுக்கள் உள்ளே புகுந்து மிச்சத்தை முடிக்கின்றன. மருந்து ஆரம்பித்து வைக்க, உடம்பு முடித்து வைக்கிறது. பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய ஒரு கன்று மறுபடி தழைக்கும். கண்ணுக்குக் கட்டி மறைந்த பிறகும் ஒன்றோ இரண்டோ ஊசி போடுவது அதனால்தான். மூன்றாவது வாரம் வராத நாயின் வீட்டுக்கு ஒரு போன் செய்து, "என்னம்மா, இன்னைக்கு உங்க மணிக்கு ஊசி நாள்" என்று சொல்கிற ஆள் இருந்தால் இந்த நோயில் பாதி ஜெயம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

வலியை அளப்பதும் இவர் வேலையில் சேர்த்தி. நாய் வாய் திறந்து சொல்லாதே, வலி எப்படித் தெரியும்? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் இதற்கு ஒரு கேள்விப் பட்டியல் செய்திருக்கிறார்கள். நாய் முனகுகிறதா, புண்ணைத் திரும்பிப் பார்க்கிறதா, எழுந்து நடக்கும்போது விறைப்பாக இருக்கிறதா, புண்ணைச் சுற்றி அழுத்தினால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒரே ஆள் தினமும் போட்டால் வலி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். குணமாகாத புற்றுகளில் இதற்கு மதிப்பு அதிகம். நிணநீர்க் கணுப் புற்று வந்த நாய்க்கு வின்கிரிஸ்டினோடு வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தாலும், பாதி நாய்கள் ஒரு வருடத்தை ஒட்டித்தான் வாழ்கின்றன. அங்கே நோக்கம் ஆயுளை இழுப்பது இல்லை, இருக்கிற நாளை வலியில்லாமல் கழிப்பது. போதும் என்று எப்போது சொல்வது என்பதை அந்த மதிப்பெண் தாள்தான் கண்ணியமாகச் சொல்லும்.

சட்டம் இவரைப் பற்றி என்ன சொல்கிறது? 1984-ன் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற மருத்துவரின் உரிமை. பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்களை, அவருடைய மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். பிரிட்டனில் 1961-லேயே ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி இவர்களுக்கென்று தனிப் பயிற்சியும் தேர்வும் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் புற்றுநோயில் மட்டும் தேர்ச்சி பெற்ற கால்நடைத் தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, தென்காசி வட்டாரத்துக்கு ஒரு காலைப் பயணம்தான். சுற்று வட்டார உதவியாளர்களுக்கு அங்கே சில நாள் பயிற்சி கொடுத்தாலே போதும்: ஒற்றி எடுப்பது, எடை, சிரை, கையுறை, ஒத்தடம், போன். இந்த ஆறையும் ஒரு சுவரொட்டியில் அச்சடித்துவிடலாம்.

கருத்தடையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை ஆரம்பித்தது. நாய்த்தொகையையும் வெறிநோயையும் குறைக்கத்தான். ஆனால் இணை தேடி அலையாத நாய்க்கு இந்தக் கட்டி ஒட்டுகிற வாய்ப்பும் குறைவு. கருத்தடை பெட்டை நாயின் மடிக்கட்டியையும் தடுக்கும் என்பார்கள்; அந்த விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கருத்தடை செய்யாத நாய்க்கு இருக்கிற அபாயத்தை நூறு என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன் செய்ததற்கு அரை, முதல் பருவத்துக்குப் பின் எட்டு, இரண்டாம் பருவத்துக்குப் பின் இருபத்தாறு என்று 1969-ல் கலிஃபோர்னியாவில் ஒரு ஆய்வு சொன்னது. அந்த எண்கள் உலகம் முழுக்க இன்றும் ஒப்பிக்கப்படுகின்றன. 2012-ல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தவர்கள் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை என்றார்கள். பலன் இருக்கலாம், ஆனால் எண்ணை அட்சரம் பிசகாமல் நம்ப வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போது மடிக்காம்புகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பது எந்த ஆய்வும் மறுக்காத காரியம்.

உங்கள் நாய் படுத்த இடத்தில் ரத்தத்தைப் பார்த்தால் சூடு என்று விடாமல் அந்த வாரமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டி.வி.டி. என்று சொன்னால் முதல் ஊசியன்றே ஆறு வாரத் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் போன் நம்பரையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.